வெறுங்குழாயில் முளைத்த புல்

போன வாரம் ஆய்வுகூடத்திலிருந்து ஒரு பிள்ளை கோல் எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்தவள். அங்கே புதிதாக ஒரு மெஷின் வாங்கியிருக்கிறார்களாம். கண்ணாடித் தகட்டை வைத்தால் போதும், அதுவே படம் பிடித்து, இது இன்ன மரம், இது இன்ன பாசி என்று எண்ணிச் சொல்லிவிடுமாம். முப்பது வருடம் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நான் எண்ணியதை அது ஒரு தேநீர் குடிக்கிற நேரத்தில் எண்ணி முடிக்கிறதாம். இருக்கட்டும், நல்லதுதான். என் கழுத்து வலி அதற்கு வராது.

பிள்ளைக்கு ஒரு சந்தேகம். "அன்ட்டி, ஹேவாஹெட்ட லாச்சிய இழுத்துப் பாத்தேன், ஒரு கண்ணாடி இருக்கு. அதுல எடம் மஹய்யாவன்னு எழுதியிருக்கு. மஹய்யாவலயும் பழைய கொளம் இருந்திச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எழுதி வைத்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். நின்ற நிலையில் சொல்லக்கூடிய கதை இல்லை அது.

நான் மஹய்யாவில் பிறந்து வளர்ந்தவள். அப்பா கண்டித் தெருக்களைப் பெருக்கிய மனிதர். எங்கள் வீட்டில் முதன்முதலாக வெள்ளைக் கோட்டுப் போட்டு வேலைக்குப் போனவள் நான்தான். போட்ட கோட்டு என்னவோ பெரிய கோட்டு. செய்த வேலை போத்தல் கழுவுவது. மகாவலிக் கரையில் மரங்களுக்கு நடுவே எங்கள் ஆய்வுகூடம். இரண்டு வருடம் போத்தல் கழுவினேன், மூன்று வருடம் கல்லை அறுத்தேன், அப்புறம் ஜவ்பர் சேர் என்னைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டார். படித்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்த அறையில் வந்தது.

ஜவ்பர் சேர் அலவத்துகொடைக்காரர். கல்லுக்குள் இருக்கும் செடிகளைப் படிப்பவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். ரொம்பக் கோபம் என்றால் ரொம்ப நேரம் துடைப்பார். அவரிடம் ஒரு வார்த்தை உண்டு: இப்போதைக்கு. "இது என்ன மரம் சேர்?" என்றால், "இப்போதைக்கு இது நாக மரம்" என்பார். கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிற சீட்டையெல்லாம் ஆங்கிலத்தில் மையால் எழுதி, கடைசியில் மூலையில் பென்சிலால் அந்த ஒரு தமிழ்ச் சொல்லைப் போடுவார். நாளைக்கு வேறு ஒருவன் வந்து நல்லாப் பார்த்தால் மாறும், அவனுக்கு இடம் விட்டு வைக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. எங்கள் அறையில் இருந்த அத்தனை கண்ணாடிகளிலும் அந்தச் சொல் இருந்தது.

ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வீடு கட்ட மண் வெட்டியபோதுதான் அந்தக் குளம் அகப்பட்டது. குளம் என்றால் தண்ணீர் இல்லை. ஒருகாலத்தில் அங்கே குளம் இருந்து, அதன் அடியில் வருடா வருடம் படிந்த சேறு இறுகிக் களிமண்ணாகக் கிடந்தது. வெள்ளைக் கோடு, கறுப்புக் கோடு, வெள்ளைக் கோடு என்று தாள் தாளாக. வெள்ளைக் கோடு குளத்துப் பாசி, கறுப்புக் கோடு சுற்றியிருந்த மழைக்காட்டின் இலை. எத்தனை ஆயிரம் வருடம் பழசு என்று சேரைக் கேட்டால், "மனிசன் வாறதுக்கு முந்தி. இப்போதைக்கு" என்று நிறுத்திக்கொள்வார்.

முதல் நாள் அந்தக் களிமண்ணை நான் கத்தியால் பிளந்ததை இன்றைக்கும் மறக்கவில்லை. உள்ளே ஒரு இலை இருந்தது. பச்சை இலை. நரம்பு, விளிம்பு, புழு கடித்த ஓட்டை, எல்லாம் அப்படியே. நான் "சேர்" என்று கூப்பிட்டு அவர் திரும்புவதற்குள் காற்றுப் பட்டு இலை பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகிவிட்டது. அந்தப் பச்சையை உலகத்தில் நான் ஒருத்திதான் பார்த்தேன். அன்றைக்கு பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது கண்டி வாவி ஜன்னலில் வந்தது. கரையில் ரோடு இல்லை, கடை இல்லை, காடு தண்ணீர் வரைக்கும் இறங்கி நிற்கிறது, இலை ஒவ்வொன்றாக விழுகிறது, ஒருத்தரும் பெருக்கவில்லை. அப்படி ஒரு காட்சி எனக்குத் தெரிந்தது. இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், ரோட்டுச் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் இறங்கித் திரும்பி நடந்து வந்தேன்.

வேலையைச் சொல்கிறேன். குளத்துப் பாசி தண்ணீரிலிருந்து மணலின் சத்தை எடுத்துத் தன்னைச் சுற்றிக் கண்ணாடி ஓடு ஒன்று கட்டிக்கொள்ளும். மரமும் புல்லும்கூட அதே சத்தில் தங்கள் இலைக்குள் பொடிக் கற்களைச் செய்து வைத்துக்கொள்ளும். இலை மக்கினாலும் அந்தக் கல் மக்காது, எரித்தாலும் எரியாது. களிமண்ணில் அரிசியளவு எடுத்து, அமிலத்தில் போட்டு, சுடுமணலில் வைத்து, நுரை அடங்கும்வரை காத்திருக்கவேண்டும். பிறகு நுண்சல்லடையில் கழுவி, சுற்றுகிற மெஷினில் போட்டு வண்டலை இறக்கி, ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடியில் காயவைத்து, மேலே மெல்லிய மூடிக் கண்ணாடி. அவசரப்பட்டால் குமிழி விழும்.

நுணுக்குக்காட்டியில் அந்தச் சொட்டு ஒரு ஊர். பாசியெல்லாம் தோணி மாதிரி நீளமாக, ஓரத்தில் வரி வரியாக மிதக்கும். காட்டுப் பனைவகைகளின் கல் உருண்டையாக, முள் முள்ளாக, ரம்புட்டான் பழம்தான். புல்லின் கல் நடுவில் ஒடுங்கி இரண்டு பக்கமும் அகன்ற உடுக்கு. ரம்புட்டானும் தோணியும் நிறைந்திருந்தால் காட்டுக்குள் குளம். உடுக்கு வந்தால் காடு அழிந்து புல்வெளியாகிவிட்டது என்று அர்த்தம். நான் காலையில் உட்கார்ந்தால் மத்தியானம்வரை அந்தக் குளத்தில்தான் இருப்பேன். மழை பெய்தால் எந்தக் காலத்து மழை என்று ஒரு கணம் தெரியாது.

சேருக்கு ஒரு சட்டம் இருந்தது. ஐந்து குழாயில் களிமண் போட்டால், ஆறாவது குழாயில் ஒன்றும் போடக்கூடாது. அமிலம், சல்லடை, மெஷின், எல்லாம் அதற்கும் உண்டு. வெறுங்குழாய் என்போம். கடைசியில் அதன் கண்ணாடியைப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றால் கொப்பியில் "சுத்தம்" என்று எழுதவேண்டும். நாம் தெரியாமல் எதையாவது கலந்திருந்தால் அது காட்டிக்கொடுக்கும். எட்டு வருடம் வெறுங்குழாயைப் பார்த்தேன். எட்டு வருடமும் வெறுமைதான். நாளடைவில் நான் அதைப் பார்க்காமலே "சுத்தம்" எழுதத் தொடங்கினேன். இதை அழகாகச் சொல்ல வழியில்லை. சோம்பல், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கௌசி வந்தாள், சேரிடம் ஆராய்ச்சி செய்ய. கெட்டிக்காரி. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு புத்தகத்தைச் சாப்பிடுகிறவள். என்னை "அக்கா" என்பாள். ஹேவாஹெட்டக் குளம் முழுவதும் அவளுடைய ஆராய்ச்சி. இரண்டு வருடம் ரம்புட்டானும் தோணியும் எண்ணினாள். பாவம், ஒன்றுமே நடக்காத குளம். காடு, மழை, இலை, பாசி. மறுபடியும் காடு, மழை, இலை, பாசி. எனக்கு அது போதும். ஆராய்ச்சிக்காரிக்கு அது போதுமா?

சரஸ்வதி பூஜை வந்தது. ஆயுதபூஜைக்கு அப்பா தன் தள்ளுவண்டிக்கும் விளக்குமாற்றுக்கும் துன்னூறு பூசிச் சந்தனம் வைப்பார். சோறு போடுகிற சாமானுக்கு ஒருநாள் மரியாதை. நானும் வருடா வருடம் என் மெஷினுக்கும் நுணுக்குக்காட்டிக்கும் சல்லடையின் பித்தளை வளையத்துக்கும் மூன்று விரலால் பட்டை போடுவேன். அன்றைக்கு வேலைக்கு ஒன்றையும் தொடமாட்டேன். சேர் பார்த்துச் சிரிப்பார், ஒன்றும் சொல்லமாட்டார்.

அந்த வருடம் பூஜையன்று பின்னேரம் கௌசி ஒரே அடுக்கில் வெட்டிய ஐந்து துண்டுக் களிமண்ணோடு வந்து நின்றாள். "அக்கா, இண்டைக்கே செய்து தருவீங்களோ? நாளைக்கு நான் ஊருக்குப் போறன். போக முதல் ஒருக்கா பாத்திட்டுப் போனால் நிம்மதி."

"பூஜை நாள் புள்ள. தொடக்கூடாது."

"ஒரேயொரு தரம் அக்கா."

அவள் முகத்தைப் பார்த்தால் பிள்ளையாரும் எழுந்து வந்து வேலை செய்வார். சல்லடையை ஈரத்துணியால் துடைத்தேன். துன்னூறு போய்விட்டது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அந்த அளவுகூட நினைக்கவில்லை. துன்னூற்றை அழுக்கு என்று நினைக்க எனக்குத் தெரியாது.

ஒரு கிழமைக்குப் பிறகு கௌசி அந்த ஐந்து கண்ணாடியிலும் உடுக்குகளைக் கண்டாள். புல். அதுவும் புகை ஏறியது போலக் கறுத்த புல். அதற்குக் கீழே உள்ள அடுக்கில் இல்லை, மேலே உள்ள அடுக்கிலும் இல்லை. அந்த ஒரு அடுக்கில் மட்டும் காடு எரிந்து, புல் முளைத்து, பிறகு காடு திரும்பி வந்திருக்கிறது. கௌசி கதிரையிலிருந்து எழுந்து அறைக்குள் நடந்தாள். சேர் மூன்று முறை பார்த்தார். "இப்போதைக்கு நெருப்பு" என்றார். அவர் குரலிலும் ஒரு சந்தோஷம் இருந்தது.

நெருப்பு கௌசியைத் தூக்கிவிட்டது. வெளிநாட்டில் ஒரு பெரிய ஆராய்ச்சிக்காரர் அவளைத் தன்னிடம் வந்து படிக்கச் சொல்லிக் கடிதம் போட்டார். ஆய்வேட்டின் தலைப்பே நெருப்பு என்றாகிவிட்டது. அவள் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எனக்கு ஒடியல் மாவும் பனம்பழப் பினாட்டும் அனுப்பினார். நானும் வாங்கித் தின்றேன்.

அடுத்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தேன். கண்ணாடி காயும்வரை எனக்கு ஒரு விளையாட்டு உண்டு: கையில் கிடைப்பதை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்ப்பது. வெண்கட்டித் தூள், தலைமுடி, தேயிலைத் தூசி எல்லாம் பார்த்தாயிற்று. அன்றைக்கு நெற்றியிலிருந்து ஒரு துளி துன்னூற்றைத் தட்டி வைத்தேன்.

உடுக்குகள். கண்ணுக்கெட்டிய தூரம் உடுக்குகள். கறுத்து, புகை ஏறி.

முதலில் அழகாகத்தான் இருந்தது. ஒரு நிமிடம் போல அதில் மிதந்துகொண்டிருந்தேன். பிறகுதான் கணக்குப் போட்டேன். மாடு புல்லைத் தின்கிறது. கல் சாணத்தில் வருகிறது. சாணத்தை எரித்துத் துன்னூறு எடுக்கிறார்கள். எரித்தாலும் எரியாது என்று நானேதான் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

லாச்சியைத் திறந்து பூஜை நாள் வெறுங்குழாயின் கண்ணாடியைத் தேடி எடுத்தேன். வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே இருக்கக்கூடாத அந்த வட்டத்தில் புல் முளைத்திருந்தது. கொப்பியில் என் கையெழுத்தில் "சுத்தம்".

வெறுங்குழாய்க் கண்ணாடிகளை ஒருத்தரும் திரும்பப் பார்ப்பதில்லை. உடைந்த கண்ணாடி போடுகிற வாளி காலடியில் இருந்தது. கை தவறி விழுந்தது என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? கௌசி போய்விடுவாள், படிப்பாள், பெரிய ஆளாவாள். நான் மஹய்யாவிலிருந்து வெள்ளைக் கோட்டோடு பஸ் ஏறுவேன். வாளிக்கு மேலே அந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தப் பச்சை இலை ஞாபகம் வந்தது. எரியாத காட்டை எரிந்தது என்று எழுதி வைத்தால், அந்தக் காடு வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை. அதற்கு வாய் இல்லை. என்னைத் தவிர அதற்குச் சாட்சியும் இல்லை. கண்ணாடியை எடுத்துக்கொண்டு சேர் மேசைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பார்க்காமல் எழுதியதையும் சொன்னேன். சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில், "உங்கட கிட்ட விபூதி ஈக்கா?" என்றார்.

கைப்பையிலிருந்த பொட்டலத்தை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினார்.

"இத நான் கண்ணாடில போட்டுப் பாத்தா உங்களுக்குக் குத்தமில்லையா?"

"நான் முந்தியே போட்டுட்டேன் சேர்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் மூக்குக்கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். தானே அதைத் தகட்டில் இட்டு, மூடிக் கண்ணாடி வைத்து, நெடுநேரம் பார்த்தார். பிறகு கொப்பியை என் பக்கம் தள்ளினார்.

"அழிக்க வாணாம். 'சுத்தம்'கு மேல ஒரு கோடு மட்டும் போடுங்க. உள்ள ஈக்கிற பிழையும் வாசிக்க வெளங்கோணும். கீழ உண்மைய எழுதுங்க."

எழுதினேன்.

"கௌசிக்கு இத நான் செல்ல மாட்டன். நீங்கதான் செல்லோணும்."

அதுதான் அவர் எனக்குக் கொடுத்த தண்டனை. வேலையை விட்டு நிறுத்தியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கௌசி ஜன்னலோரத்தில் ஆய்வேட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்தில் பரீட்சகர்களிடம் போகவேண்டியது. நான் சொல்லச் சொல்ல "ஓம்", "ஓம்" என்றாள். முடிந்ததும் பேனையை மூடினாள்.

"அப்ப என்ர நெருப்பு?"

வெறுங்குழாய்க் கண்ணாடியை அவள் முன்னால் வைத்தேன்.

"நீங்கள் சொல்லாமல் விட்டிருக்கலாம் அக்கா. ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது."

"ஆமா புள்ள. விட்டிருக்கலாம்."

அந்த அடுக்கில் நெருப்புப் பெட்டி அளவு களிமண்தான் மிச்சம் இருந்தது. தோட்டத்தில் குளம் இருந்த இடத்தின் மேல் வீடுகள் வந்துவிட்டன. திரும்ப வெட்ட முடியாது. சேர் அந்தத் துண்டை யாரிடமாவது கொடுத்திருக்கலாம். என்னிடம் கொடுத்தார். "நீங்களே செய்ங்க" என்றார். புதுச் சல்லடை வாங்கினேன். முழங்கைவரை கழுவினேன். அன்று நெற்றியில் ஒன்றும் இடாமல் போனேன். சேர் அதைக் கவனித்துவிட்டு, "நெத்திக்கு வெச்சிட்டு வாங்க பாக்கியம். கைய மட்டும் கழுவுங்க" என்றார். இந்த முறை ஐந்து குழாய்க்கு ஐந்து வெறுங்குழாய். எல்லா வெறுங்குழாயையும் ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தேன். வெறுமைதான்.

மற்றவற்றைக் கௌசி எண்ணினாள். மூன்று நாள். நான் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அவள் கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "காடு எரியேல்லை அக்கா."

அழுகை வந்தது. அவள் வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டேனே என்று அழுதேன். அதற்குள்ளேயே, காடு எரியவில்லை என்று எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷம் எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை.

வெளிநாட்டுக் கடிதக்காரர் மெல்ல மறந்துபோனார். கௌசி தலைப்பை மாற்றி எழுதினாள். வேறொரு இடம் கிடைத்துப் போக அவளுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. அதற்குள் என்னோடு பேசினாள், ஆனால் சாப்பாட்டுப் பெட்டியை என் மேசையில் வைத்துத் திறந்ததில்லை. ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் என் பெயர் இல்லை. உள்ளே ஓரிடத்தில் மட்டும் ஒரு வரி: இந்தப் பிழையை ஆய்வுகூட உதவியாளர் தாமே கண்டுபிடித்து அறிவித்தார். அதை நான் பலமுறை எடுத்து வாசித்திருக்கிறேன்.

என் துன்னூற்றில் சேர் செய்த கண்ணாடியை எறிந்திருப்பார் என்றே நினைத்திருந்தேன். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு லாச்சிகளைத் துடைக்கும்போது பார்த்தேன். ஹேவாஹெட்டக் கண்ணாடிகளின் வரிசையில், ஆயிரமாயிரம் வருடத்துக் காட்டுக்கு நடுவில், எண் கொடுத்து வைத்திருந்தார். சீட்டு முழுவதும் தமிழில்: புல். இடம், மஹய்யாவ. காலம், இன்று. அதற்குப் பிறகு புல்லைக் கண்டவர்களெல்லாம் முதலில் அதை எடுத்து ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்கள்.

இவ்வளவையும் எழுதிவிட்டு இன்று காலையில் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"மெஷின் அத என்னான்னு சொல்லிச்சு?"

"புல்லுன்னுதான் அன்ட்டி சொல்லுது. ஆனா ஒன்னு. மத்த எல்லாக் கண்ணாடிலயும் மூலைல பென்சில்ல 'இப்போதைக்கு'ன்னு எழுதியிருக்கு. இதுல மட்டும் காணோம். அழிஞ்சு போச்சா?"

"அழியல புள்ள" என்றேன். "அதுல சேர் எழுதவே இல்ல."